ரெண்டாவது இடம் கேட்காத வீடு

செப்டம்பர் 4
பேத்தி தெக்லா நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். சின்னவன் மாக்சிம் சொந்தமாகப் படகு வாங்கிவிட்டான். பெரியவன் இன்னொக்கெந்தி — அவனைத்தான் முதலில் எழுதியிருக்கணும் — மாநில சட்டசபைக்கு நிற்கிறான். ஐந்தாவதோடு படிப்பை விட்டு மீன் ஆலைக்குப் போனவளின் பேரன்! கோடியாக் தீவில் இது யாருக்காவது தெரியாமல் இருந்தால் நாளைக்குள் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 18
ஓட்டுப் போட இப்போது புது முறையாம். பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று வரிசை போடணும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளைத் தூக்கிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை எண்ணுவார்கள்.
இன்னொக்கெந்தியை எதிர்த்து ஹெல்மரும் மத்ரோனாவின் மகள் லுக்கேரியாவும் நிற்கிறார்கள்.
"பாட்டி, ஹெல்மர் ஆளுங்ககிட்டயும் நல்லாப் பேசு. ரெண்டாவதா என்னைப் போடச் சொல்லு. தோத்தா ஆங்கரேஜ் பட்டணத்து வேலைக்குத்தான் போகணும்."
ரெண்டாவதா? மிச்சம் மீதி கேட்கவா இவனை வளர்த்தேன்?

அக்டோபர் 9
சர்ச் கூடத்தில் தேநீர். மத்ரோனா மாவுக்குள் மீன் வைத்து பிரோக் சுட்டு வீடு வீடாகக் கொண்டுபோகிறாளாம். "உங்க ஆளுக்கு ஒண்ணு போடுங்க, எம் பொண்ணு லுக்கேரியாவுக்கு ரெண்டு போடுங்க."
"ஏண்டி, பந்தியில மிஞ்சினாலும் வாங்கிக்குவியா?" என்றேன்.
"மிஞ்சினதும் மீன்தானேக்கா" என்று சிரிக்கிறாள், வெட்கம் கெட்டவள்.
ஹெல்மரின் மனைவி இங்கா பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவளையும் விடவில்லை. "உன் புருஷனுக்குப் படகையே துறையில நேரா நிறுத்தத் தெரியாது. சட்டசபையில போய் என்ன கிழிக்கப்போறார்?"
கூடமே சிரித்தது. இங்கா மட்டும் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 8
என் பேரன் முதலிடம்! அடுத்து லுக்கேரியா. ஹெல்மர் கடைசி. கேக்கில் 'சட்டசபை உறுப்பினர்' என்று எழுதச் சொல்லிவிட்டேன்.
"பாதி வரல பாட்டி. முடிவு தெரிய ரெண்டு வாரம் ஆகும்." பயந்தாங்கொள்ளி. முதல் என்றால் முதல்தானே?

நவம்பர் 15
கேக் தீர்ந்துவிட்டது. முடிவு வரவில்லை.

நவம்பர் 23
ஹெல்மரைத் தூக்கினார்கள். அவருடைய ஆட்கள் ரெண்டு போட்டது முக்கால்வாசி லுக்கேரியாவுக்கு. முதலில் வந்தவன் தோத்துட்டானாம்! இது என்ன கணக்கு? எவன் கண்டுபிடிச்சான்? திருட்டு... இல்லை. இங்கா கோப்பையைக் கழுவப் போனாளே. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்க வேண்டாமா? இன்னொக்கெந்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம்.

டிசம்பர் 4
அவன் ஆங்கரேஜ் போய் மூன்று நாள். ரெண்டு வருஷத்தில் மறுபடி நிற்பானாம்.
இங்கா வீட்டுக்கு பிரோக் கொண்டுபோனேன். மேல்மாவு தடித்துவிட்டது.
"தேர்தலுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேக்கா" என்றாள்.
"தெரியும். தட்டை எடு."
எடுத்தாள்.
என் வீட்டு ஜன்னலில் ஒட்டியிருந்த பேரனின் தேர்தல் படம் ஈரத்தில் சுருண்டுவிட்டது, கிழித்துப் போட்டேன். புதுசாக ஒன்று தபாலில் அனுப்பச் சொல்லணும். டை வேண்டாம். கொஞ்சம் சிரிக்கட்டும் — ரெண்டாவதாகவும் பிடிக்கிற மாதிரி.