குப்பையில் போட்ட கறுப்புத் துண்டு

ஷாமிலா தாத்தாவுக்கு,

நீங்களும் நம்ம பேத்தி ஷாமிலாவும் சுகம்தானே? முழங்காலுக்கு எண்ணெய் தடவுறீங்களா? நான் கொழும்புல நல்லா இருக்கேன்.

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன். பயப்படாதீங்க, பெரிய விஷயமில்ல. நான் கூட்டித் துடைக்கிற ஆராய்ச்சிக் கூடத்துல, திங்கக்கிழமை மேசையில ஒரு டேப் துண்டு கெடந்திச்சு. கறுப்பா என்னமோ மினுமினுன்னு ஒட்டியிருந்திச்சு. அழுக்குன்னு நெனச்சு குப்பையோட அனுப்பிட்டேன். பிறகு அங்க படிக்கிற தருஷி வந்து, "ஆச்சி, இங்க இருந்த டேப்பைக் கண்டீங்களா?"ன்னு சிங்களத்துல கேட்டிச்சு. "இல்ல மகள்"னு சொல்லிட்டேன். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சும் எந்தக் கங்காணியும் என்னைக் குத்தம் சொன்னதில்லங்கிற பெருமை, அப்படிச் சொல்ல வச்சிருச்சு.

அந்தப் பிள்ளை அழுதுகிட்டே சொன்னிச்சு. ரெண்டு உலோகத்தைக் கந்தகத்தோட சேர்த்து நாள்கணக்கா சூளையில வச்சு எடுத்ததாம். ஏடு ஏடா இருக்குமாம், டேப் ஒட்டி உரிக்கலாமாம். கெட்ட தண்ணியில போட்டா, அதுல கலந்திருக்கிற ஈயத்தை ஏட்டுக்கு நடுவுல இழுத்து வச்சுக்குமாம். நாலு மாச வேலையாம். தன்னோட கவனக்குறைவுன்னு சொல்லி பாடம் சொல்லிக்குடுக்கிற சேர்கிட்ட ஏச்சு வாங்கினிச்சு. நான் பக்கத்துல ஜன்னலைத் துடைச்சுக்கிட்டே நின்னேன்.

நாளைக்குக் காலையில உண்மையைச் சொல்லப் போறேன். வேலையில வச்சுக்கிட்டாங்கன்னா உங்க பழைய சட்டை ஒன்னு அனுப்புங்க, துடைக்க. இங்க துணி தர்றாங்கதான், இருந்தாலும் அனுப்புங்க.

நிப்பாட்டிட்டாங்கன்னா சனிக்கிழமை அக்கரப்பத்தனை பஸ்ல வருவேன். லயத்து வீடுகள்ல யாரும் கேட்டா "சுகமில்லாம வந்துட்டா"ன்னு சொல்லிராதீங்க. "பொய் சொல்லிட்டு வந்திருக்கா"ன்னே சொல்லுங்க.

தபால் பெட்டி திறக்கிற நேரமாச்சு.

பேச்சாயி