முதல் வாய்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு ஆய்வு. ஒரு கேக் கடை, ஒரு மாணவர் விடுதிச் சமையலறை. கேக் கடையில் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். விடுதியில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இருபத்தெட்டு வருடம் உணவு ஆய்வாளர் வேலை பார்த்தால் புத்தி இப்படித்தான் போகும்.

மதியம் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒரு புது உரிம விண்ணப்பம். பிரெஞ்சு பிஸ்ட்ரோவாம். பெயர்தான் பெரிசு, எட்டு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. தனித்தனித் தட்டு கிடையாது. எல்லாம் மேசை நடுவில் வரும், ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடவேண்டும் என்று விளக்கம் எழுதியிருக்கிறது. உரிமையாளர்கள் இருவர். இரண்டாவது கையெழுத்து பாப்பாவுடையது.

என் மகளின் கையெழுத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். அதுவும் படிவத்தில்.

கோப்பை எதிர்மேசைப் பினாயிலிடம் தள்ளினேன். எந்நேரமும் கை கழுவுகிற மனுஷன், அதனால் அலுவலகமே வைத்த பெயர். "என் பொண்ணு கடை. நான் தொடக்கூடாது, நீங்க பாருங்க" என்றேன். எழுத்திலும் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

இவளிடம், பாப்பாவின் அம்மாவிடம், கேட்டேன். தெரியுமாம். மூன்று மாதமாகத் தெரியுமாம். "நீங்க கேட்டாத்தானே நான் சொல்றதுக்கு?"

மார்ச் 9, ஞாயிறு

மனசில் வைத்துப் புழுங்குவதைவிட எழுதிவிடலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் பாப்பா வேலை பார்த்த ஹோட்டலின் சமையலறையை நான்தான் பூட்டினேன். மாவு மூட்டைக்குப் பின்னால் எலிப் புழுக்கை, ஒன்றிரண்டல்ல. ஏப்ரனோடு வெளியே நின்ற பதினெட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. அன்று காலை ஒரே மேசையில்தான் காபி குடித்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாது, அதுதான் விதி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அதற்கு அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னது வேறு. "பூட்டினது சரிதாம்ப்பா. ஆனா நீங்க என்னிக்குமே வேலையை விட்டு வீட்டுக்கு வந்ததில்ல. எனக்குத் தெரிஞ்சு ஒரு தட்டுகூட முழுசா எனக்கு வந்ததில்ல."

மூன்று வயதில் யாரோ வீட்டுப் பிறந்தநாளில் கிரீம் கேக் சாப்பிட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அவள் தட்டில் எது விழுந்தாலும் முதல் வாய் என்னுடையது. சூப்போ ரொட்டியோ, நான் ஒரு வாய் தின்றுபார்த்த பிறகுதான் அவளுக்கு. பள்ளிக்கூட டப்பாவிலும் அப்படித்தான். பிள்ளைகள் அதற்கு 'எலி கடிச்ச டப்பா' என்று பெயர் வைத்தார்களாம். இதுவும் அவள் கிளம்பின அன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? நான் எப்போது கேட்டேன்?

மார்ச் 20, வியாழன்

பினாயில் பாப்பாவின் கடையைப் பார்த்துவிட்டு வந்தார். "எப்படி?" என்றேன். "அதெல்லாம் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?" என் விரலாலேயே என் கண்ணைக் குத்துகிறார். அப்புறம் கை கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்துச் சொன்னார்: "தரையில இலை போடாமலே சாப்பிடலாம்."

மார்ச் 28, வெள்ளி

கடை திறந்தார்கள். இவள் தன் தங்கையோடு போய்விட்டு வெண்ணெய் வாசனையோடு திரும்பினாள். வெங்காய சூப்பின் மேலே சீஸ் மூடி போட்டாற்போல் இருந்ததாம், கரண்டியால் உடைத்தால்தான் உள்ளே போகமுடியுமாம். கூட்டாளிப் பெண் சுடும் ரொட்டி மொறுமொறுவென்று இருந்ததாம். "பாப்பா இளைச்சிருக்காளா?" என்றேன். "போய்ப் பாருங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

"உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டா" என்றாள் இவள்.

"அவளாச் சொன்னாளா, நீ கேட்டு அவ தலையாட்டினாளா?"

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்? சாப்பாடா, வாக்குமூலமா?"

நிபந்தனைகள்: வீட்டுச் சாப்பாட்டு டப்பா எடுத்துவரக் கூடாது. (கல்யாணங்களுக்கே டப்பாவோடு போகிறவன் நான், ஊருக்கே தெரியும்.) டார்ச் கூடாது. மோந்து பார்க்கக் கூடாது. கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். என்ன சட்டை போடுவது என்று இப்போதே யோசனை.

ஏப்ரல் 12, சனி

கெடுத்துட்டேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சின்ன அறை, ஒன்றுக்கொன்று ஒட்டாத பழைய நாற்காலிகள், கட்டம் போட்ட துணி, கரும்பலகையில் அன்றைய பதார்த்தங்கள். ஜன்னலோரம் எங்களுக்கு இடம். சமையலறைச் சுவரில் ஒரு திறப்பு, அதில் பாப்பாவின் தலை வந்து வந்து போனது. இளைத்துத்தான் இருக்கிறாள். சூப் வந்தது. நானும் இவளும் ஒரே கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. ருசியாக இருந்தது. மோந்து பார்க்கவில்லை, சத்தியமாக.

அடுத்து இரும்புச் சட்டியில், சிவப்பு வைனில் வெந்த கோழி. மூடியைத் திறந்ததும் ஆவி. இவள் தங்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் என் கை கோழித் தொடைக்குள் தெர்மாமீட்டரைக் குத்தியிருக்கிறது. டப்பாவை விட்டேன், டார்ச்சை விட்டேன். சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருக்கும் அதை விடவேண்டும் என்று தோன்றவே இல்லை. எந்தச் சட்டை போட்டாலும் அது தானாகப் பைக்குள் ஏறிவிடும்.

எழுபத்தொன்று. சரியான சூடு. யாருக்கு வேணும்?

பக்கத்து மேசையில் மருந்துக்கடை அம்மா. என்னைத் தெரியும். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏதாவது பிரச்சினைங்களா சார்?" என்றார். "இல்லை இல்லை, எல்லாம் திருப்தியா இருக்கு" என்றேன். எப்பேர்ப்பட்ட குரலில்! கடைக்குப் பூட்டுப் போடுமுன் நான் பேசுகிற குரல் அது. அந்த அம்மாவும் வீட்டுக்காரரும் பாதியில் எழுந்து போனார்கள். அவர்கள் பின்னாலேயே இன்னொரு மேசையும்.

பாப்பா வெளியே வந்தாள்.

"எத்தனை டிகிரி?"

"எழுபத்தொண்ணு."

"தேங்க்ஸ்."

உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவள் என்னோடு பேசவில்லை. நானும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

முடி வெட்டப் போனேன். முடிவெட்டுபவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தப் புதுக் கடையில நீங்க ஊசி போட்டுப் பார்த்தீங்களாமே? கோழி கெட்டுப்போய்க் கிடந்துச்சாமே?" உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இல்லை என்று சொல்லச் சொல்ல, "உங்க வேலை, நீங்க வெளியில சொல்ல முடியாது, புரியுது சார்" என்று கண்ணடிக்கிறார்.

திரும்பும்போது கடை வழியாக வந்தேன். மதியம் ஒன்றரை. எட்டு மேசையில் ஆறு காலி. ரொட்டி சுடும் பெண் அழுதாளாம், இவள் தங்கையிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் மூடவேண்டியதுதான். என் மகளின் இரண்டாவது சமையலறையையும் நானே மூடியவனாவேன். முதலாவதில் எலி இருந்தது. இதில் இருந்த ஒரே எலி நான்தான்.

ஏப்ரல் 18, வெள்ளி

என்ன செய்வது? நற்சான்று எழுதித் தர முடியாது, என் கோப்பில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னால் சந்தேகம்தான் வலுக்கும்.

பினாயில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க வெளியில பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். தினம் போய் ஜன்னலோரம் உக்காந்து சாப்பிடுங்க. அதைவிட என்ன சான்றிதழ் வேணும்?"

இந்த மனுஷனைக் கேலி செய்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

தெர்மாமீட்டரை மேசை இழுப்பறையில் பூட்டி, சாவியைப் பினாயிலிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

ரொட்டிப் பெண் முகத்தில் சிரிப்பே இல்லை. "தனியா வந்தா தர முடியாதுங்க. தட்டெல்லாம் ரெண்டு பேருக்கு." ரெண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிடுகிறேன் என்றேன். கடை வழக்கம் இல்லையாம். விதி என்றால் விதி, எனக்கா தெரியாது? பினாயிலுக்குப் போன் போட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தார். வாத்துக்கால் ஒன்று நடுவில் வந்தது. மொறுமொறு தோலை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை நான் முந்திக்கொள்ள வேண்டும்.

திறப்பு வழியாகப் பாப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

தினம் ஒரு கூட்டாளி பிடிக்கவேண்டியிருக்கிறது. செவ்வாய் கொழுந்தியாள். புதன் அலுவலக டிரைவர். நேற்று இவள், இப்போது பேசுகிறாள். இன்று முடிவெட்டுபவர்: அந்த வாய்க்கு மெல்ல வேறு ஏதாவது கொடுக்கவேண்டாமா? பாதிச் சட்டியை அவரே காலி செய்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன் சார், நல்ல கடைன்னு" என்கிறார்!

ஏப்ரல் 29, செவ்வாய்

பெல்ட்டில் ஒரு துளை தள்ளிவிட்டேன். வெண்ணெய்.

மே 3, சனி

மருந்துக்கடை அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார். வாய் நிறைய ரொட்டி எனக்கு. முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு மேசை நிறைந்தது.

மே 9, வெள்ளி

இடம் இல்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பசியோடு நடந்தே வீட்டுக்கு வந்தோம். "என்ன இளிப்பு?" என்றாள் இவள்.

மே 11, ஞாயிறு

இனி நான் போகவேண்டிய தேவை இல்லை. இரண்டு நாளாகச் சந்தோஷப்பட்டுவிட்டு இப்போதுதான் அது உறைக்கிறது. பதினைந்து தடவை சாப்பிட்டிருப்பேன், பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசவேண்டும் என்று நான் போகவில்லைதான். பொய். அதற்கும்தான் போனேன்.

மே 15, வியாழன்

ரொட்டிப் பெண் இவளுக்குப் போன் செய்திருந்தாள். இரண்டரை மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறோம் என்று.

அதே ஜன்னலோரம். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பாப்பாவே தட்டை எடுத்துவந்தாள். உருளைக்கிழங்கை மெலிசாகச் சீவி, பாலேட்டில் அடுக்கி, மேலே பொன்னிறமாகச் சுட்டது. நடுவில் வைத்தாள். பார்த்தேன். ஓரத்தில் ஒரு கரண்டி அளவு இல்லை. மேல் ஏடு உடைந்து, உள்ளே அடுக்கு தெரிந்தது.

கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான், என்ன செய்ய, பழக்கம். யாரோ கை வைத்த தட்டு, திருப்பி அனுப்பவேண்டியது. நிமிர்ந்தேன். அவள் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் பார்த்துட்டேன்ப்பா. சாப்பிடுங்க."

இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கரண்டி நிறைய எடுத்து அப்படியே வாயில் போட்டுவிட்டேன்.

"சூடு சரியா இருக்கா?"

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருக்கிறாள், வாய் வெந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர், கையில் தெர்மாமீட்டர் இல்லை. பாப்பா சிரித்தாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

நாக்கு நுனி இன்னும் எரிகிறது. எரியட்டும்.