செவுள் திறந்து மூடியது

ஹில்டா,

உன் மூன்று தங்கமீன்களையும் புதிய பெரிய தொட்டிக்கு நானே மாற்றிவிட்டேன். எழுந்ததும் பதறாதே. பழைய தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். சாயங்காலம் வரை தீனி போடாதே, மோட்டாரை அணைக்காதே.

நேற்று, "மீன் பிடிக்கிற வீட்டுல மீனுக்கு பங்களாவா கட்டுத, ஏளா?" என்று கத்தினேன். நீ போய்ப் படுத்துவிட்டாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பெரிய மீனைத் தூக்கப் போனபோது, பழக்கத்தில் என் விரல் செவுளுக்குள் நுழையப் பார்த்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு விட்டேன். புதுத் தொட்டியில் அது அசையவே இல்லை. செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடியது. இத்தனை வருஷமும் ஏலத்தில் செவுளைத் தூக்கி, புது மீன் என்று சிவப்பைத்தான் காட்டியிருக்கிறேன். மீன் மூச்சு விடுவதை இன்றுதான் நின்று பார்த்தேன். பிறகு வாலை விசிறிக்கொண்டு மறுகோடிக்குப் போனது. மாதா கோயில் பூசையில் மணி அடிக்கும்போது இருப்பதுபோல் அப்படியே இருந்தேன். படகிலிருந்து தம்பி ஜாய்சன் போன் அடித்த பிறகுதான் நேரம் உறைத்தது.

தொட்டி ரொம்பப் பெரிது என்று நான்தான் சொன்னேன். இப்போது பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது.

சாவி ஜன்னலில் இருக்கிறது. கடலுக்குப் போய்வருகிறேன்.

இனிகோ

இன்று வீட்டுக்கு மீன் கொண்டுவர மாட்டேன். ராத்திரிக்குப் பருப்புக் குழம்பு போதும். ஏன் என்று கேட்காதே.