'பிக் அப்' பாடம் பாதியில் நிற்பது குறித்து

அனுப்புநர்
கோ. பாண்டுரங்கன்,
பேக்கிங் பிரிவுத் தொழிலாளி,
சேரப்பணஞ்சேரி.

பெறுநர்
உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பொருள்: மாலை நேர ஆங்கில வகுப்பு – பெஞ்சு உடைந்ததால் அறை பூட்டப்பட்டது – பாடம் பாதியில் நிற்பது – மீண்டும் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெஞ்சை உடைத்தது நான்தான். வாக்கியம் சொல்ல எழுந்தவன், எல்லோரும் கைதட்டிய சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சு என்னை எதிர்பார்க்கவில்லை. தரையில் கிடந்த என்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, இதுவும் 'பிக் அப்'தான் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

2. 'மாலை வகுப்பினர் பள்ளி உடைமைகளைச் சேதப்படுத்துவதால்' அறை பூட்டப்படுகிறது என்று தலைமை ஆசிரியர் அவர்கள் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. காலையில் வரும் பிள்ளைகளை அவர் எங்கே உட்கார வைப்பார்? ஆனால் 'வகுப்பினர்' என்பது சரியல்ல, ஐயா. ஒருவன்தான். கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகையை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, நானே ஆணி அடித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். பலகையில் 'கவனம், உடையக்கூடியது' என்று அச்சடித்திருக்கிறது. இழைத்துப் பார்த்தும் போகவில்லை. ஆள் உட்கார்ந்தால் தெரியாது.

3. ஷிப்டு முடிந்து வரும் எங்களுக்காக காஞ்சிபுரத்திலிருந்து வந்து பாடம் எடுப்பவர் திரு. வசந்தகுமார். லைனில் சொல்லும் இங்கிலீஷ் புரியாமல் விழிக்கிறோமே என்றுதான் சேர்ந்தோம். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு சொல்லை எடுத்தால் அதன் எல்லா அர்த்தமும் முடிகிற வரை அடுத்த சொல்லுக்குப் போகமாட்டார். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் அவரவர் வீட்டில் மெய்யாக நடந்த ஒன்றை வாக்கியமாகச் சொல்ல வேண்டும். புத்தகத்திலிருந்து சொன்னால் எடுபடாது.

4. 'பிக் அப்' என்றால் வண்டியின் வேகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். தசரதன் தன் மொபெட் மேட்டில் பிக்கப் எடுக்காததைச் சொன்னார். முனியம்மாளின் சீக்கு ஆடு தேறியதும் அதே சொல்தானாம். எல்லப்பன் பக்கத்து மெஷின்காரரிடம் மலையாளம் பிடித்துக்கொண்டதும் அதுதான். கடந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு புதுமுகம் என்றாலே போலீஸ் விசாரித்த சமயத்தில், வாடகை அறையில் இருந்த டில்லிபாபுவை ஜீப்பில் ஏற்றிப் போய்க் கேட்டு அனுப்பினார்களே, அதற்கும் அதே சொல். அதை டில்லிபாபு எங்களிடம்தான் முதன்முதலாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் முனியம்மாள், இத்தனை மாசம் வாயை எங்கே வைத்திருந்தாய் என்று அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

5. என் நிலைமை வேறு. மனைவி சரோஜா காலமாகிவிட்டார். ஒரே மகள் சத்யப்பிரியா பம்பாயில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். வீட்டில் வாக்கியத்துக்கு ஆகிறாற்போல் ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே கரண்டியைக் கீழே போட்டு எடுத்துவிட்டு, அதை வந்து சொன்னேன். மறுநாள் சீப்பு. அதற்கு மறுநாள் தீப்பெட்டி. "இன்னா அண்ணே, உங்க வூட்ல ஒரு சாமானும் மேல நிக்காதா?" என்று தசரதன் கேட்டதில் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எனக்கு நாளாகியிருந்தது, ஐயா.

6. ஆயுத பூஜை விடுமுறைக்கு முன், ஒருவரைப் போய்க் கூட்டிவருவதும் 'பிக் அப்' என்று ஆசிரியர் சொன்னார். பண்டிகைக்கு எல்லோர் வீட்டுக்கும் ஆள் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. பண்டிகைக்கு வருவதாக மகளும் கடிதம் போட்டிருந்தாள். இந்த ஒருமுறை எதையும் கீழே போடாமல் வாக்கியம் கிடைக்கும் என்று, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். விடுமுறை கழிந்து வகுப்புக்கு வந்தால், கதவில் புதுப் பூட்டு.

7. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் வீட்டில் நடத்துங்கள் என்று நானே கூப்பிட்டேன். ஆளுக்கொரு ஷிப்டு, ஆளுக்கொரு ஊர். நடுவில் இருப்பது பள்ளிக்கூடம்தான். இப்போது ஸ்டாப்பிங்கில் பார்த்தால் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

8. எனவே அறையை மாலை வேளையில் திறந்துவிட உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சுதான் தடை என்றால் நான் தரையில் உட்காருகிறேன். என்னைத் தாங்கும் என்று தெரிந்த இடம் அது. என்னைச் சேர்க்கவே கூடாது என்றால் அதற்கும் சம்மதம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்க மட்டும் அனுமதி தர வேண்டும். வீட்டில் ஒன்றைச் சொன்னால் மறுகேள்வி வருவதில்லை. அங்கே வரும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கோ. பாண்டுரங்கன்

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 28.10.1991

இணைப்பு: வகுப்பில் சொல்வதற்கென்று வைத்திருந்து, இதுவரை யாரிடமும் சொல்லாத வாக்கியம். 'என் மகளைக் கூட்டிவர ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் வரவில்லை.'