மாசிக்கு இறக்க வேண்டிய முடி

இன்று காலை எங்கள் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் காதுகுத்துப் பத்திரிகை கொண்டுவந்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கொழுந்தன் அடித்துக் கொடுத்ததாம். மை இன்னும் காயவில்லை. "அக்கா, இதுக்கு நல வாரியத்துல ஏதும் குடுப்பாகளா? பத்திரிகைய வச்சு எழுதிக் குடுத்தா போதும்னு சொன்னாக" என்று கேட்டாள். "வராதும்மா. படிப்புக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு, இதுக்குக் கிடையாது" என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் பத்திரிகையை மடித்துக்கொண்டு சாத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். விரலில் ஒட்டிய மை வாசம் மத்தியானம் வரை போகவில்லை. இப்போதெல்லாம் 'வராது' என்பதை நான் தாமதிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் நீ. நான் கற்றுக்கொள்ள விலை கொடுத்தவளும் நீ.

நாம் உறவில்லை. சின்ன வயதில் ஒரே தீப்பெட்டி ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள், அவ்வளவுதான். ஆனாலும் நீ என்னை மதினி என்றாய். அக்கா என்று கூப்பிட்டால் மரியாதை கொடுக்கணும், மதினி என்றால் கேலி பேசலாம் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாய். நான் டைப் அடிக்கப் படித்து, திருத்தங்கலில் இந்தச் சங்க அலுவலகத்துக்கு வந்து, நல வாரியப் படிவங்கள் எழுதிக் கொடுப்பவளாக ஆனேன். நீ பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டப் போனாய். உன் வீட்டுக்காரர் அச்சகத்தில் லோடு ஏற்றினார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உனக்கு மகன் பிறந்தான். பிறந்த முடியைக் குலசாமிக்கு நேர்ந்துவிட்டாய். ஒற்றைப்படை வயதில், மாசிச் சிவராத்திரிக்கு, குலசாமி கோயிலில், உன் அண்ணன் மடியில் உட்கார வைத்து முடியிறக்கிக் காது குத்த வேண்டும். அதுவரை பிள்ளை தலையில் கத்திரி படக் கூடாது. ஒரு வயதில் உனக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போனது. அடுத்தது மூன்று.

அந்தச் சமயத்தில்தான் நீ என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து படிவங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாய். மகப்பேறு, படிப்பு, கண்ணாடி, திருமணம், ஓய்வூதியம், ஈமச்சடங்கு.

"மொட்டைக்கும் காதுகுத்துக்கும் இல்லையா மதினி?"

"சாமி காரியத்துக்கு அரசாங்கம் ஏன் குடுக்கணும்?"

"தாலி கட்டுறது மட்டும் என்ன காரியமாம்? அதுக்குக் குடுக்காகல்ல?"

நியாயமான கேள்விதான். நியாயம் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. நான் சாமி கும்பிடாதவள். அது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் வேண்டுமென்றே என் மேஜையில் விபூதிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவாய். அன்றைக்கு நான் பெரிய பிரசங்கமே செய்தேன். உனக்குக் கொடுத்தால் எல்லா மதத்துக்கும் கொடுக்கணும் என்றேன். "குடுக்கட்டும். வேதக்காரக, துலுக்கமாருக புள்ளைகளுக்குஞ் செய்யத்தான செய்றாக. யாரு வேண்டாம்னா?" என்றாய். அரசாங்கம் கொஞ்சம் கொடுத்தால் ஜனங்கள் அதற்கு மேலே பந்தலையும் கெடாவையும் பெரிதாக்குவார்கள், கடைசியில் கைப்பணமும் போகும் என்றேன். இதை நான் இன்றும் நம்புகிறேன். ஒரு தேங்காய் உடைத்து, முடியெடுப்பவருக்கு வெற்றிலை பாக்கு வைத்தால் உன் சாமி வேண்டாமென்றா சொல்லும் என்று கேட்டேன்.

அதற்கு நீ சிரிக்கவில்லை. "மொதலாளி வீட்டுக் காதுகுத்துக்குக் கார் நிறுத்த எடமில்ல. அவுகளைச் சிக்கனமாச் செய்யச் சொல்லி ஒரு நோட்டீசு அடிச்சு ஒட்டுங்களேன் பாப்போம்" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்து, "எங்க ஐயா காட்டுவேலைக்குப் போனவரு. அவரு வீட்டுக்குன்னு ஒருத்தரும் வந்து நின்னதில்ல. நாலு பேரு தேடி வந்து எங்க எலையில உக்காருறது இந்த ஒரு நாளுதான் மதினி. அதையும் தேங்காயோட முடிச்சிக்கோங்கிறீகளா?" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். வாரியத்துக்கு அனுப்பும் கோரிக்கை மனுவுக்காக ஆறு கோரிக்கைகள் எழுதி வைத்திருந்தோம். வேறு ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டதும் நீ எழுந்து நின்றாய். கூட்டத்தில் நீ வாய் திறந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குச் செய்யும் முதல் சடங்குக்கு, எந்தச் சாமியாக இருந்தாலும், ஒரு உதவி வேண்டும் என்றாய். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு முடி வளர்ந்துகொண்டிருந்தது. "எழுதிக்கோங்கம்மா" என்றார் தலைவர். ஏழாவதாக எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மனுவைத் தட்டச்சு செய்தபோது அந்த ஏழாவதை நான் அடிக்கவில்லை.

அதிகாரிகள் இதைப் பார்த்துச் சிரித்து, மற்ற ஆறையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் வாதத்தில் தோற்றது பிடிக்கவில்லை. தலைவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நீயோ நம்பிவிட்டாய். மூன்று வயதுக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளி வைத்தாய். "வாரியத்துல வந்துரும்லா, அஞ்சு வயசுக்கு ஜாம்ஜாம்னு செஞ்சிருவோம்" என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பதிலு வந்துச்சா மதினி?" என்பாய். "மேல கெடக்கு" என்பேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முதல் தடவை சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்காமல் படிவங்களை அடுக்கினேன். பிறகு, பஸ் வந்ததா என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுபோல் பழகிவிட்டது.

பிறகு ஒரு வருஷம் அந்த வரியை நான் எழுதித்தான் அனுப்பினேன். நீ இல்லாத வருஷம். முதல் கோரிக்கையாகவே போட்டேன். இரண்டே மாதத்தில் பதில் வந்தது: விதிகளில் இடமில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். அன்றைக்கே எழுதியிருந்தாலும் இல்லையென்றுதானே வந்திருக்கும். ஆனால் அந்த 'இல்லை' உனக்கு மூன்று வயதிலேயே கிடைத்திருக்கும். இரண்டு நாள் என்னையும் அரசாங்கத்தையும் திட்டியிருப்பாய், பிறகு உன்னால் முடிந்தபடி அந்த மாசியிலேயே முடித்திருப்பாய். உனக்குப் பணம் வாங்கித் தர என்னால் முடிந்திருக்காது. 'இல்லை' என்ற பதிலைக்கூட நான் வாங்கித் தரவில்லை.

ஐந்து வயதில் பையன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். இடுப்பு வரை முடி. இரட்டைச் சடை பின்னி ரிப்பன் வைத்து அனுப்புவாய். வகுப்பில் பொம்பளப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் எவனோ சடையைப் பெஞ்சில் கட்டிவிட்டான். முடியை வெட்டிவிட்டு வரச் சொல்லி டீச்சர் சீட்டுக் கொடுத்து அனுப்பினார். அந்தச் சீட்டோடு அவனையும் கூட்டிக்கொண்டு நீ நேரே என்னிடம்தான் வந்தாய். "இது சாமி முடின்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க மதினி. நீங்க எழுதுனா கேப்பாக" என்றாய். எழுதிக் கொடுத்தேன். அவனை என் நாற்காலியில் உட்கார வைத்து, "மாமன் மடியில உக்காந்து மொட்ட போடுவோம், கெடா வெட்டுவோம், புதுச் சட்டை போடுவோம், அம்மா சந்தனம் தடவி விடுவேன். அப்புறம் ஒரு பய உன்னையச் சொல்ல மாட்டான்" என்று அவனுக்குச் சொன்னாய். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டான். கெடா கறுப்பா வெள்ளையா என்பதுவரை கேட்டான்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவன் வாசலில் விளையாடப் போனபிறகு நாம் இருவரும் தனியாகத்தான் இருந்தோம். "அந்த மனு போகவே இல்லை, நான்தான் விட்டுட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "வாரியத்த நம்பிப் பிரயோசனமில்ல மதினி. பெட்டி ஒட்டுறத விட்டுட்டு மருந்து அறைக்கு வாரேன்னு ஃபோர்மேன்கிட்டச் சொல்லிட்டேன். கூலி கூடக் கெடைக்கும். மாசி வரைக்கும்தான்."

மருந்து அறை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நீயும் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்து கலக்கும் அந்த அறைகளில் செத்தவர்களின் மரணச் சான்றிதழ்களை வைத்து நான் எத்தனை விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். "வேண்டாம்டி" என்றேன். "சாமி பாத்துக்கிடும்" என்றாய். உன்னைத் தடுக்க என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அந்த உண்மை. அதைச் சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று பயந்து, டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

தை முடியப் பத்து நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். மருந்து உராய்ந்து வெடித்தது என்றார்கள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் விருதுநகரில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்து, திறக்க வேண்டாம் என்று உன் அண்ணனிடம் சொன்னார்கள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். நான் போனேன். யாரும் தடுக்கவில்லை, சங்கத்து அம்மா என்று வழிவிட்டார்கள். கொள்ளி வைக்க உனக்கு அவன் ஒருவன்தான். கொள்ளி வைப்பவன் மொட்டை போட வேண்டும். முடியெடுப்பவர் அவன் ரிப்பனை அவிழ்த்துவிட்டுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இது பெறந்த முடியாச்சே, எப்பிடி எடுக்க?" என்று பெரியவர்களைப் பார்த்தார். உன் வீட்டுக்காரர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுங்க. வேற என்ன செய்ய?" என்றார் ஒருவர்.

பையன் கத்தியைப் பார்த்துப் பயந்து அழுதான். உன் அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமன் மடியில் உட்கார்ந்ததும் அவன் அழுகை நின்றுவிட்டது. தலையை நேராக வைத்துக்கொண்டான். சுற்றி நின்ற ஆட்களை எல்லாம் பார்த்தான். அத்தனை பேர் வந்திருந்தார்கள், உனக்காக. முடி பாதி இறங்கியிருக்கும்போது கேட்டான்.

"மாமா, கெடா எங்க?"

உன் அண்ணன் அவன் கண்ணைப் பொத்திவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். உன் வாரிய அட்டையையும் மரணச் சான்றிதழையும் மேஜையில் வைத்தார். பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மொட்டைத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக முடி முளைத்திருந்தது. இனி அது எல்லாப் பிள்ளைகள் தலையையும் போல இருக்கும். ஒருவரும் அவனைக் கேலி செய்ய மாட்டார்கள். நான் ஈமச்சடங்கு உதவிக்கான படிவத்தை எடுத்தேன். எந்தச் சாமி, என்ன சடங்கு, அது தேவைதானா, சிக்கனமாகச் செய்யக்கூடாதா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. எத்தனையோ வருஷமாக அதை நிரப்புகிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பணம் சீக்கிரமே வந்துவிட்டது. உன் மகன் மொட்டைக்கு அரசாங்கம் பணம் கொடுத்துவிட்டது. விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான். அதில் ஒரு வரியையும் விடவில்லை.