அண்ணனின் கருவியை யாரும் பார்க்கவில்லை

ஓபர்ஃபெல்ட், டிரோல்
ஜூன் 6

அன்பு மகள் பூர்கிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம் நான் சொல்லவும் வேண்டாம். கனடாவில் உன் கால் எப்படி இருக்கிறது, கட்டுப் பிரித்தார்களா, ஊன்றி நடக்கிறாயா என்று முதலில் எழுது. அந்தக் காலோடு அண்ணன் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ போனில் அழுதது இன்னும் காதில் நிற்கிறது. நீ சொன்ன மஞ்சள் பூக்களை நானே பெட்டிமேல் வைத்தேன், மீட்புப் படைப் பையன்கள்தான் தூக்கிப்போனார்கள். கரும்பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நீ பனிப்பலகையோடு நிற்கிற படத்தை அப்பாவிடம் காட்டினேன், "ஒரே பலகையை ரெண்டாப் பொளந்து மேல ஏறி, அங்க போய் ஒட்டவெச்சு கீழ எறங்குறதுக்கு, மொதல்லயே ரெண்டு ஸ்கீ வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அதுதான். சொல்லிவிட்டு உடனே எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார்.

உனக்குப் போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் வின்சென்ஸ் மார்ச்சில் பனிச்சரிவில் புதைந்தபோது, கூடப் போனவர்களில் பக்கத்திலிருந்த கோர்பினியனால் அண்ணனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஊரே அவனைத் தின்றது உனக்குத் தெரியும். ரொட்டிக்கடையில் என் காதுபடவே, "கையில தேடுற கருவிய வெச்சுக்கிட்டு காலடியில கெடந்தவனத் தேடத் தெரியல, இவனெல்லாம் மலைக்கு எதுக்குப் போறான்" என்றாள் கடைக்காரி. உன் அப்பா அவன் வணக்கத்துக்குக்கூடப் பதில் சொல்லாமலிருந்தார். பனி உருகி அண்ணன் கிடைத்த அன்று மீட்புப் படைத் தலைவர் எங்களை மட்டும் தனியே கூப்பிட்டார். அண்ணன் மார்பில் கட்டியிருந்த கருவி, அவன் பிடிவாதமாக மாற்றாமல் வைத்திருந்த அந்தப் பழையது, கேட்கும் பக்கம் திருப்பியபடியே இருந்ததாம். புதைந்தவன் கருவி கத்தினால்தான் தேடுகிறவன் கருவிக்குக் கேட்கும், கேட்கும் பக்கம் இருக்கிற கருவி கத்தாது, அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தை நடத்திப்போனவன் அவன்தானே, கிளம்பும்போது ஒவ்வொருவராக நடக்கவிட்டு எல்லோர் கருவியும் கத்துகிறதா என்று பார்த்திருக்கிறான், பார்த்து முடித்துத் தன்னுடையதைத் திரும்பக் கத்தும் பக்கம் மாற்ற மறந்துவிட்டான். கோர்பினியன் தேடியது ஊமையாய்க் கிடந்த ஒருவனை. உலகத்தில் யார் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ரோசினா, இது நம்மளோட போகட்டும். செத்துப்போனவன் தலையில பழிய ஏத்தாத" என்றார். அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பெற்ற வயிறு, என்ன செய்ய. ஆனால் அடக்கம் முடிந்து சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, கோர்பினியனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே கிடந்தது பூர்கி. மாட்டிறைச்சிச் சூப்பு ஆறிக்கொண்டிருக்க அவன் தலையைக் குனிந்தபடி கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். என் பிள்ளை வயசுதானே அவனுக்கும். நான் எழுந்து எல்லோர் முன்னாலும் கருவி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தவில்லை.

அவன் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. "அம்மா, அவன் எங்க எல்லாரையும் பார்த்தான். கடைசியா நடந்து வந்தவன் நான். திரும்பி நின்னு அவனோடதையும் நான்தான் பார்த்திருக்கணும், அதுதான் வழக்கம். வின்சென்ஸ்தானே, அவனுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்று அவ்வளவு பேர் நடுவில் விக்கி விக்கி அழுதான். ஒரு பழியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சாப்புடுடா. அவன் கெட்டிக்காரன்னு நம்பித்தான் எல்லாரும் விட்டோம். பெத்தவன் நானும்தான்" என்றார். என்னோடு மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை, பேசுவார், எங்கே போகப்போகிறார்.

கால் ஆறியதும் மலை வழிகாட்டித் தேர்வுக்குப் போகட்டுமா, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போகாதே என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நான் சொன்னால் நீ விடுவாய், விட்டுவிட்டு நாளெல்லாம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அது வேண்டாம். நேரத்துக்குச் சூடாகச் சாப்பிடு, கம்பளி உள்ளாடை அனுப்பியிருக்கிறேன். கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அண்ணனிடமிருந்து எடுத்த ஆயுளையும் சேர்த்து உனக்குக் கொடுக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே கண்ணே. நாளைக்கு நீ முன்னால் நடக்கிறவள் ஆவாய், எல்லோரும் உன்னை நம்பி வருவார்கள், உன்னைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது. நீயாகவே யாராவது ஒருவர் முன்னால் போய் நின்று, என்னையும் பார் என்று கேள். சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அம்மா,
ரோசினா