திகதி முடிந்த பாஸ்

இன்று மலைப்பாதையில் ஏறும்போது குதிரைச் சாணி மணத்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நீ இருந்தால், "எடியே, சாணிக்குமோ பயம்?" என்று தோளில் இடித்திருப்பாய். நீ இல்லை. உன்னைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

நீ தையில் போனாய். நிலம் உறைந்து கிடந்தபடியால் சித்திரையில்தான் உன்னை அடக்கம் செய்தார்கள். அன்றைக்கு உன் மகளின் காரில் வந்தேன். இன்றைக்குத் தனிய. நீ கிடக்கிற சேமக்காலைக்கு பஸ் இருக்கிறது. ஆனால் நாங்கள் எப்போதும் நடந்த பாதையால் வராமல் உன் முன்னால் எப்படி வந்து நிற்கிறது?

2004இல், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்டரியில் கோட்டுக்குப் பொத்தான் தைத்தோம். ஒரு ஞாயிறு உன் பூசை முடிய என்னை மலைக்குக் கூட்டிவந்தாய். பாதை தொடங்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

"ஆரிட்டைக் கேக்கவேணும்?"

"என்னத்தை?"

"இதாலை போறதுக்கு."

"ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. பலகையைப் பார். சைக்கிளுக்குத்தான் குறுக்குக்கோடு போட்டிருக்கு. நீ என்ன சைக்கிளோ?"

சிரித்தேன். ஆனால் ஏறவில்லை. பிறகு பலகைக்குக் கீழே குந்தியிருந்து உனக்குச் சொன்னேன். ஊரில் பாஸ் என்ற அனுமதித் துண்டு இல்லாமல் ஒரு ரோட்டாலும் போக ஏலாத சண்டைக் காலம். என் அண்ணையின் பாஸில் திகதி முடிந்து ஒரு நாள் பிந்திவிட்டது. வழியில் துவக்கோடு நின்றவர்கள் மறித்தார்கள். அண்ணை பேந்து வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு மட்டைத் துண்டோடு வந்தாய். வகுப்பில் படித்த பிரெஞ்சில், இந்தப் பெண் பொதுப் பாதைகள் எல்லாவற்றிலும் நடக்கலாம் என்று எழுதியிருந்தாய். கீழே உன் கையெழுத்து. கோட்டுப் பொத்தானில் மை பூசி ஒரு முத்திரையும் குத்தியிருந்தாய்.

"திகதி எங்கை?" என்று கேட்டேன்.

"விசரி!" என்று பேசிக்கொண்டு மார்கழி முப்பத்தொன்று, வருசத்தின் கடைசி நாள், என்று எழுதினாய்.

பகிடி என்று எனக்கும் தெரியும். ஆனால் கால் அதை நம்பி நடந்தது.

அன்றைக்கே எதிரில் குதிரையில் ஒரு பொலிஸ்காரன் வந்தான். நான் மட்டையை நீட்டிவிட்டேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். அவன் குனிந்து வாங்கி, முழுக்க வாசித்து, "மெர்சி, மடாம்" என்று திருப்பித் தந்தான். அவன் போன பிறகு, "எங்கடை மன்னார்க் கழுதைக்கு நல்லாய்த் தீன் போட்டால் இந்த உயரம் வரும்" என்றாய். அழுகை முட்டி நின்ற நான் சிரித்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வருசமும் புதுத் திகதி, புதுப் பொத்தான். போன மார்கழியில் ஆஸ்பத்திரிக்கு மட்டையையும் பேனையையும் கொண்டுவந்தேன். நீ மூச்சுக்கு அந்தரப்பட்டாய். நான் கைப்பையைத் திறக்கவில்லை.

இன்றைக்கு வளைவில் குதிரை வந்தது. மேலே ஒரு பொலிஸ் பெட்டை, என் மகளின் வயதிருக்கும். கை மட்டையைப் பிடித்துவிட்டது, நீட்ட ஏலவில்லை. திகதி முடிந்து ஐந்தாம் மாதம். அண்ணைக்கு ஒரே ஒரு நாள்தான் பிந்தினது. ஓடினால் சுடுவார்கள் என்ற பழைய நினைப்பு.

அவள் குதிரையை ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினாள். முதல் நீங்கள் போங்கோ என்று கையைக் காட்டினாள். அவ்வளவுதான். குதிரையின் மூச்சு தோளில் சுட நான் கடந்து போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு இன்னும் கல் வைக்கவில்லை, இலக்கம் எழுதிய கட்டை மட்டும் நிற்கிறது. மட்டையை அதற்குப் பக்கத்தில் வைப்போம் என்று குனிந்தேன், மனம் வரவில்லை. புதுத் திகதி எழுதவும் மனம் வரவில்லை. அது நீ எழுதுவது.

திரும்ப பஸ்ஸில் போவம் என்று வாசலுக்கு வந்தேன். பஸ் வந்து நின்று கதவும் திறந்தது. நான் ஏறவில்லை. திகதி முடிந்த மட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, நடுங்கி நடுங்கி, வந்த பாதையாலேயே இறங்கினேன்.